சேமிக்கவா, வேண்டாமா

கனகாவின் இரண்டு கைகளும் கீபோர்டின் மேல் இருந்தன. வேலை செய்தது வலது கைச் சுண்டுவிரல் மட்டும். பேக்ஸ்பேஸ் பொத்தானை அது நிதானமாகத் தட்டத் தட்ட, திரையில் பெரிய எழுத்தில் இருந்த ஒரு பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்தது. முழுப் பெயரையும் ஒரே இழுப்பில் அழிக்க வழி உண்டு. மற்ற எதை அழித்தாலும் அவள் அப்படித்தான் அழிப்பாள். இந்தப் பெயரை மட்டும் அப்படிச் செய்ய மாட்டாள். பெயர் தீர்ந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, எதிரே நின்ற பெண்ணின் பெயரை அந்த இடத்தில் அடித்தாள்: ஆ. தமிழ்வாணி.

அழிந்த பெயர் பீமாராவ். கனகாவின் ஒரே மகன். இறந்து மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

கனகாவின் கடை பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங். முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அறையில் அவளுடைய மாமியார் ராக்கம்மாள் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தவள் நான். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டவும், புண் வராமல் திருப்பிப் போடவும், புரையேறாமல் ஊட்டவும் முறையாகப் பயிற்சி எடுத்தவள். காலையில் வருவேன், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவேன். கடையில் பேசுவது எல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும். ராக்கம்மாள் தூங்கும்போது கடையில் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அப்படித்தான் கனகாவைத் தெரியும்.

அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பே பத்து விரலும் பேசும். கணவர் ராஜபாண்டி பஸ் கண்டக்டர். மகனுக்குப் பெயர் வைத்தது அவர்தான். மகன் பிறந்த அன்றே 'இவன் டிகிரி வாங்குவான்' என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். பையனும் வாங்கினான். பி.இ. மெக்கானிக்கல். பரீட்சை முடிவு வந்ததும் அம்மாவின் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் ரெஸ்யூமைத் தானே தயார் செய்தான். மூன்று நாள் அதையே மாற்றி மாற்றி அடித்தானாம். எழுத்து வடிவம் பிடிக்கவில்லை, கோடு பிடிக்கவில்லை. கடைசியில் அவனுக்கே திருப்தி வந்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு திருமங்கலம் ரோட்டில் ஒரு நேர்காணலுக்குப் போனான். லாரி. பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பையில் இருந்த காகிதம் மட்டும் கசங்காமல் வந்தது என்று ராஜபாண்டி ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. முதல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, இருட்டோடு கிளம்பிவிடுவார்.

அந்த ரெஸ்யூம் கம்ப்யூட்டரில் இருந்தது.

கனகா அதற்கு முன் ரெஸ்யூம் அடித்ததில்லை. மனு, வாடகைப் பத்திரம், காதுகுத்துப் பத்திரிகை, இவைதான் வரும். மகன் போன பிறகு அவனுடைய சிநேகிதன் ஒருவன் வந்து, 'பீமா மாதிரியே எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்கம்மா' என்று கேட்டிருக்கிறான். அவள் மகனுடைய பக்கத்தைத் திறந்தாள். பெயரை அழித்து அந்தப் பையன் பெயரைப் போட்டாள். படிப்பு, மார்க்கு, விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றினாள். பிரிண்ட் எடுத்தாள். பக்கத்தை மூடப் போனபோது, மாற்றியதைச் சேமிக்கவா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்றாள். மறுபடி திறந்து பார்த்தாள். பீமாராவ் அப்படியே இருந்தான்.

அன்றிலிருந்து அதுதான் அவளுடைய தொழில்முறை. ஊரில் எந்தப் பிள்ளை டிகிரி முடித்து வந்தாலும் அந்த ஒரே பக்கம்தான். மகனை எழுத்து எழுத்தாக அழிப்பாள், வந்தவர் பெயரைப் போடுவாள், பிரிண்ட் எடுப்பாள், 'வேண்டாம்' என்பாள், மகன் திரும்பி வருவான். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் இரண்டு தடவை. கல்லூரி விட்ட சமயத்தில் கூட்டம் வந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை போவதும் வருவதுமாக இருப்பான்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், யாரும் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது முதுகில் சில்லென்று இருக்கும். எழுந்து உள்ளே வந்துவிடுவேன்.

இன்னொரு சங்கதி. பெயர், மார்க்கு, விலாசம் தவிர மற்றதை, வந்தவர்கள் கேட்டால்தான் மாற்றுவாள். கேட்காவிட்டால் விட்டுவிடுவாள். 'லட்சியம்' என்ற தலைப்பில் பீமாராவ் எழுதிய இரண்டு வரி எல்லாருக்கும் போகும். கடைசியில் 'பொழுதுபோக்கு: புறா வளர்ப்பு, கேரம்' என்று இருக்கும். அதுவும் போகும். பிள்ளைகள் மார்க்கைத்தான் பார்ப்பார்கள், கீழே படிக்க மாட்டார்கள். அதனால் பழங்காநத்தத்திலும் சுற்றுப்பட்டிலும் சமீபத்தில் பட்டம் வாங்கிய ஆணும் பெண்ணும் எல்லாருமே காகிதத்தில் புறா வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் புறா வளர்த்தது பீமாராவ். அவன் போன பிறகு ராஜபாண்டி கூண்டோடு திருநகரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு புறா மறுநாளே திரும்பி வந்துவிட்டன. இன்றைக்கும் கடைப் பலகைக்கு மேலே அடைகின்றன. கனகா அவற்றுக்குத் தீனி போட மாட்டாள், விரட்டவும் மாட்டாள். பலகையில் எச்சம் விழுந்தால் துடைப்பாள்.

தமிழ்வாணி வந்த நாளுக்கு வருகிறேன். மார்கழி. அவனியாபுரத்துப் பெண். பி.காம். அப்பா ஆண்டிச்சாமி லேத் பட்டறையில் வேலை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படிப்பு முடித்து எட்டு மாதமாக வேலை இல்லை. பொங்கல் கழிந்ததும் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. விமான நிலையம் போகும் வழியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆவணங்களைச் சரிபார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள்.

"யக்கா, மார்க்கு மட்டும் சரியாப் போட்டிருங்க."

"எம்புட்டுப் பேருக்கு அடிச்சிருக்கேன். உனக்கா தப்பாப் போடப் போறேன்? செவனேன்னு நில்லு."

"இந்த வேலை கெடைக்கலைன்னா எங்கப்பா என்னையத் தள்ளி விட்டுருவாருக்கா. மாப்ள வாடிப்பட்டியாம். வாழத்தோப்பு இருக்காம். நான் பி.காம். படிச்சது வாழத்தாரு எண்ணவா?"

கனகா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மார்க்கை அடித்தாள், விலாசத்தை அடித்தாள். அந்த நேரத்தில் நான் உள்ளேயிருந்து கூப்பிட்டேன்.

"கனகா, ஒரு கை குடு. அம்மாவத் திருப்பணும்."

ராக்கம்மாள் கனத்த உடம்பு. இரண்டு பேர் இல்லாமல் திருப்ப முடியாது. கனகா எழுந்து வந்தாள், திருப்பினோம், முதுகுக்குப் பவுடர் போட்டோம். கை கழுவிவிட்டு அவள் திரும்பப் போய் உட்கார்ந்தபோது, விலாசத்துக்கு அடுத்த வரி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பிரிண்ட் எடுத்தாள். சேமிக்கவா, வேண்டாமா. வேண்டாம். தமிழ்வாணி மார்க்கைப் பார்த்தாள், சரியாக இருந்தது, காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனாள்.

போன் நம்பர் பீமாராவுடையது.

அந்த போன் எங்கேயும் போய்விடவில்லை. கனகாவின் மேசை டிராயரில் இருந்தது. தவறாமல் ரீசார்ஜ் செய்வாள், தினமும் சார்ஜ் போடுவாள். அது அடிக்கும். வேலை தேடித் தரும் தளங்களில் அவன் பதிந்து வைத்தது இன்னும் அழியாமல் கிடந்ததால், 'பீமாராவ், உங்களுக்கு ஏற்ற வேலை' என்று குறுஞ்செய்தி வரும், கூப்பிடவும் செய்வார்கள். டிராயருக்குள் பின் டப்பா, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருப்பதால், போன் அதிரும்போது எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஆடும். கனகா எடுக்க மாட்டாள். கையை மேசையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும் வரை காத்திருப்பாள்.

ராக்கம்மாளுக்கு ஒரு வார்த்தைதான் மிச்சம். மூளையில் அடிபட்டால் சிலருக்கு அப்படி ஆகும், இருந்த பேச்செல்லாம் போய் ஏதோ ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவருக்கு நின்றது 'எடு'. பசித்தாலும் எடு, வலித்தாலும் எடு, சந்தோஷமானாலும் எடு. டிராயரில் போன் அடித்தாலும் உள்ளேயிருந்து அதையேதான் சொல்வார். "எடு. எடு." அவருக்கு அர்த்தம் தெரிந்து சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்குத்தான் அர்த்தம்.

ஒரு நாள் நான் கேட்டேன். "எடுத்துப் பேசி, ஆள் இல்லைன்னு சொல்லிட்டா விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்கதான் இருளாயிக்கா," என்றாள் கனகா. "அவன வேலைக்குக் கூப்பிடுறாக. இன்னும் கூப்பிடுறாக. நான் எதுக்கு வேண்டாங்கணும்?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ரணத்தின் மேல் பொருக்கு கட்டியிருந்தால் அதை நோண்டக் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். உள்ளே சீழ் வைத்தால் மட்டும் திறக்க வேண்டும்.

அந்த வாரம் டிராயர் வழக்கத்தைவிட அதிகம் ஆடியது. திங்கள் ஒரு தடவை, செவ்வாய் மறுபடி மறுபடி. கனகாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "இந்த வாரம் விடாமக் கூப்பிடுறாக," என்று என்னிடம் சொன்னாள், பெருமையாக.

புதன்கிழமை மத்தியானம் தமிழ்வாணி வந்தாள். வெயிலில் வந்த முகம், கண் சிவந்திருந்தது. கனகா ஜெராக்ஸ் மெஷினில் யாருடைய பட்டாவையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எங்கூடப் படிச்ச தங்கப்பொண்ணுக்குப் போன் வந்துருச்சு. எனக்கு வரல. அவளுக்கு ரெண்டு அரியர் இருந்துச்சு, எனக்கு ஒண்ணுகூட இல்ல."

"வரும்டி. பொறு."

"எங்கிட்டுப் பொறுக்குறது? நாளையோட ஆள் எடுத்து முடிக்கிறாகளாம். எங்கப்பா வாடிப்பட்டிக்குப் போன் போட்டாச்சு." கவரைப் பிரித்துக் காகிதத்தை எடுத்தாள். மேலிருந்து கீழே படித்தாள். முதல் தடவையாக முழுசாகப் படித்தாள் என்று நினைக்கிறேன். "யக்கா. இது யாரு நம்பரு?"

"ஒன் நம்பருதான்."

"என் நம்பரு எனக்குத் தெரியாதா? கடேசில ரெண்டு சைபர் எனக்கு எங்கிட்டு இருக்கு? இருங்க, எந்தப் புண்ணியவான்னு பாக்குறேன். நாலு நாளா எனக்கு வந்த போனையெல்லாம் எடுத்துத் தின்னுருக்கான்."

கனகா திரும்புவதற்குள் அவள் போட்டுவிட்டாள்.

டிராயர் ஆடியது. பின் டப்பா கடகடவென்று அதிர்ந்தது. உள்ளேயிருந்து ராக்கம்மாள், "எடு," என்றார்.

தமிழ்வாணி போனைக் காதில் வைத்தபடி மேசையைப் பார்த்தாள். தன் காதில் கேட்ட மணியும் மேசைக்குள் அதிர்ந்ததும் ஒன்றுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. நான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

"யக்கா, ஒங்க டிராயர்ல அடிக்குது."

"தெரியும்."

"எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"எடு. எடு," என்றார் ராக்கம்மாள்.

"ஏங்க்கா? யாரு போனு அது?"

கனகா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட பட்டமளிப்பு அங்கியில் பீமாராவ், தொப்பி கொஞ்சம் சாய்ந்து. தமிழ்வாணியும் பார்த்தாள். பட்டென்று போனைக் கட் செய்தாள். டிராயர் நின்றது. ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவனுக்கு வந்த போனுன்னு நெனச்சேன்," என்றாள் கனகா. மெதுவாகத்தான் சொன்னாள். "வேலைக்குக் கூப்பிடுறாகன்னு."

தமிழ்வாணி பயந்துபோய்த்தான் இருந்தாள். ஆனாலும் சொன்னாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"யக்கா, மன்னிச்சுக்கங்க. அவரக் கூப்பிடலக்கா. என்னையக் கூப்பிட்டாக."

கனகா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நாடி பார்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, டிராயரை இழுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க இருளாயிக்கா."

அவளே இழுத்தாள். போனை எடுத்து முந்தானையில் துடைத்து மேசையில் வைத்தாள். தவறிய அழைப்புகளில் ஒரே லேண்ட்லைன் நம்பர் மறுபடி மறுபடி இருந்தது. தமிழ்வாணி அதைத் தன் போனில் அடித்தாள். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தான் பட்டுவிட்டது, யாரும் அதை நிறுத்தவில்லை. எடுத்தது சுபலட்சுமி என்ற பெண், அந்தக் கிடங்கு அலுவலகத்தில் ஆள் எடுப்பவர். தமிழ்வாணி தன் பெயரைச் சொன்னாள்.

"தமிழ்வாணியா? எத்தனை தடவைம்மா கூப்பிடுறது? வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மேடம். நம்பர் தப்பா விழுந்துருச்சு மேடம்."

"நம்பர் மட்டும்தானா? உங்க பக்கம் இருந்து ஏழெட்டு ரெஸ்யூம் வந்திருக்கு. எல்லாத்துலயும் ஒரே லட்சியம். எல்லாத்துலயும் புறா வளர்ப்பு. பழங்காநத்தத்துல வீட்டுக்கு வீடு கூண்டு கட்டி வச்சிருக்கீங்களா?"

தமிழ்வாணி காகிதத்தின் கடைசி வரியை அப்போதுதான் பார்த்தாள். "எங்க வீட்டுல கோழிகூட கெடையாது மேடம்," என்றாள், அழுகிற குரலில்.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "சரி. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. சார் இருப்பார். ஆனா வேற ரெஸ்யூம் கொண்டு வாங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு அதுல இருக்கணும். இதுல உங்க பேரும் மார்க்கும் தவிர உங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லை. யாரோ ஒரு பையன் எழுதின மாதிரி இருக்கு."

போன் நின்றது. பட்டாவுக்கு வந்தவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

"மொதல்ல ரெண்டு புறாதான் வாங்கியாந்தான்," என்றாள் கனகா, யாரையும் பார்க்காமல். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உக்காரு புள்ள."

பழக்கத்தில் அவள் கை மகனுடைய பக்கத்துக்குத்தான் போனது. பாதியில் நின்றது. புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். வெள்ளையாக இருந்தது. மேலே ஒரு கோடு மின்னி மின்னி நின்றது. இத்தனை வருடத்தில் ரெஸ்யூமுக்கென்று அவள் வெற்றுப் பக்கம் திறந்ததில்லை. எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயரை அடித்தாள். எதையும் அழிக்காமல் அடித்தாள். அடுத்தது நம்பர். ஒவ்வொரு எண்ணாகத் தமிழ்வாணியைச் சொல்லச் சொல்லி அடித்து, திரும்பப் படித்துக் காட்டினாள்.

"இனி சொல்லு. என்ன செஞ்ச?"

"படிச்சேன்."

"அது தெரியுது. படிச்ச நேரம் போக?"

"ஒண்ணும் இல்லக்கா. வீட்டு வேலை."

"எட்டு மாசமா?"

அதற்குள் தமிழ்வாணியின் போன் அடித்தது. கட் செய்தாள். மறுபடி அடித்தது. "ஒரு நிமிசம்க்கா, இந்தாளு விட மாட்டாரு," என்று எடுத்தாள்.

"சொல்லுங்க காளை அண்ணே... இல்லண்ணே, ஒங்க பேரு காளைங்கிறதால ஒண்ணும் குழப்பம் இல்ல. மாட்டுப் படம் போட வேண்டிய எடத்துல ஒங்க படத்தப் போட்டிருக்கீங்க... ஆமாண்ணே, மாடு நிக்க வேண்டிய எடத்துல நீங்க நிக்கிறீங்க... ஒங்களப் பாத்து டாக்டர் எப்படிண்ணே தகுதிச் சான்று குடுப்பாரு? கொம்பும் திமிலும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. ஆதார்ல காளைன்னு இருக்கு, டாக்டர் சீட்டுல காளையப்பன்னு இருக்கு. அத மாத்தி வாங்கிட்டு வாங்க, இல்லாட்டித் தள்ளிருவாக. சாயந்தரம் வாரேன். வைக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனகா சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன வேலை?"

"வேலையெல்லாம் இல்லக்கா. ஜல்லிக்கட்டுக்கு மாடு பதியணும்ல, ஆன்லைன்ல. எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. நான்தான் மூணு வருசமா எல்லாருக்கும் பதிஞ்சு குடுக்குறேன்."

"எம்புட்டு மாடு?"

"எங்க தெரு, பக்கத்துத் தெரு, எல்லாம் என்கிட்டத்தான் வரும். யாரு எண்ணுனா?"

"தள்ளுபடி ஆகுமா?"

"மொத வருசம் நெறைய ஆச்சு. ஒரு பெரியவரு அருவாளத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் நானே எல்லாக் காயிதத்தையும் வாங்கி, ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்து, பேரு ஒத்து வந்தாத்தான் ஏத்துவேன். போன வருசம் ஒண்ணுகூடத் தள்ளல."

கனகாவின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'மூன்று ஆண்டுகளாக, மாட்டு உரிமையாளர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து இணையத்தில் பதிவு செய்து வருகிறேன். கடந்த ஆண்டு என் பதிவுகளில் ஒன்றுகூட நிராகரிக்கப்படவில்லை.'

"யக்கா! மாட்டு வேலையப் போயி ரெஸ்யூம்ல போடுவாகளா? சிரிக்க மாட்டாக?"

"அங்க என்ன வேலை குடுக்குறாக?"

"ஆவணம் சரிபாக்குற வேலை."

"அப்ப நீ என்ன செஞ்ச?"

தமிழ்வாணி குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள். பட்டறையில் அப்பாவுக்குப் பில் போட்டது, ஜி.எஸ்.டி. கட்டச் சொல்லி அப்பாவின் முதலாளியோடு சண்டை போட்டது. 'லட்சியம்' என்ற தலைப்பே இல்லாமல் பக்கம் நிறைந்தது. மொத்தமே ஒரு பக்கம்தான். பார்த்தால் அந்தப் பெண் எதிரே நிற்கிற மாதிரி இருந்தது, கொஞ்சம் வாயாடியாக.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கனகா கையை எடுக்கவில்லை. தமிழ்வாணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், கனகா அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள், விரல்கள் பாட்டுக்கு ஓடின. திரையில் ஒரு வரி கூடியது. 'பொழுதுபோக்கு: புறா வளர்ப்பு.'

தமிழ்வாணி பேச்சை நிறுத்தினாள். கனகா திரும்பித் திரையைப் பார்த்தாள். அதைத் தான் அடித்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை கண்ணில் பட்ட வரி, கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். இருந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. வெளியே பலகைக்கு மேலே புறா ஒன்று இறக்கையைப் படபடத்து ஓய்ந்தது.

"ஒனக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று கனகா கேட்டாள்.

"தூக்கம்தான்க்கா."

"அப்ப வேண்டாம்." சுண்டுவிரல் பேக்ஸ்பேஸுக்குப் போனது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். தலைப்பும் போனது.

பிரிண்ட் வந்தது. கனகா பக்கத்தை மூடினாள். சேமிக்கவா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் கை யோசிக்காமல் 'வேண்டாம்' பக்கம் நகர்ந்தது.

"யக்கா, யக்கா!" தமிழ்வாணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "என்னைய அழிச்சிராதீங்க. நாளைக்கு வேற எங்கிட்டாவது கேட்டா?"

கனகா அந்தக் கையைப் பார்த்தாள், விலக்கவில்லை. மற்றக் கையால் மௌஸைப் பிடித்துச் சேமித்தாள். பெயர் கேட்டது, 'தமிழ்வாணி' என்று அடித்தாள். கோப்புகளின் வரிசையில் மேலே ஒரு பெயர், அதற்குக் கீழே இன்னொரு பெயர். ஒன்றை ஒன்று இடிக்கவில்லை.

அந்தப் பெண் போன பிறகு போனைத் திரும்ப டிராயரில் வைத்துச் சார்ஜ் வயரைச் சொருகினாள். விளக்கு வைத்ததும் கிளம்பினேன்.

தமிழ்வாணிக்கு அந்த வேலை கிடைத்தது. அது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. ஆனால் அது கிடைப்பதும் போவதும் மறுநாள் காலையில்தான் இருந்தது, அதனால் அதைச் சொல்லி நிறுத்துகிறேன்.

காலையில் நான் ராக்கம்மாளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். கனகா ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மேசை டிராயர் ஆடியது.

"எடு," என்றார் ராக்கம்மாள்.

கனகா வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து வந்தாள். கை ஈரம். மேசையில் கை வைத்துக்கொண்டு, வழக்கம்போல் நின்றாள். பின் டப்பா கடகடத்தது. நான் துண்டைப் பிடித்தபடி நின்றேன். புதுக் காகிதம் இன்னும் கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை, அங்கே இருப்பது பழைய நம்பர்தான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

"எடு," என்றார் ராக்கம்மாள் மறுபடி.

கனகா டிராயரை இழுத்து, முந்தானையில் கையைத் துடைத்து, எடுத்தாள்.

"ஹலோ," என்றாள். "இல்லம்மா, தமிழ்வாணி இல்ல. சொல்லுங்க, நான் சொல்லிர்றேன்... ஒம்போதுக்கா? சாரு வெளியூர் போறாரா? சரிம்மா. ஒம்போதுக்குள்ள வந்துருவா. அவ நம்பர எழுதிக்கங்க." காகிதமே பார்க்காமல் நம்பரைச் சொன்னாள். முந்தின நாள் ஒவ்வொரு எண்ணாக அடித்தது. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். கனகா திறந்திருந்த டிராயரை மூடினாள்.

"இது என் மகன் நம்பரு," என்றாள். "அவன் இல்ல. எறந்துட்டான்... பரவாயில்லம்மா. நீங்க வைங்க."

உடனே தன் போனில் தமிழ்வாணியைக் கூப்பிட்டாள். "ஏய், எந்திரிச்சியா? பத்து இல்ல, ஒம்போதாம். தலையெல்லாம் அப்புறம் பின்னலாம். வாசல்ல எந்த ஷேர் ஆட்டோ வந்தாலும் ஏறிரு. காயிதத்த எடுத்துக்கிட்டியா? ஓடு."

பிறகு ஷட்டரை முழுசாகத் தூக்கினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். மகனுடைய பக்கத்தைத் திறந்தாள். பெயரிலிருந்து புறா வரைக்கும் படித்தாள். கீபோர்டில் கை வைக்கவில்லை. படித்து முடித்து மூடினாள். எதையும் மாற்றாததால் கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் ஒருவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு பக்கமுமா?" என்று கனகா கேட்டாள். நான் உள்ளே போய் ராக்கம்மாளுக்குக் கஞ்சியை ஆற்றினேன்.